இஸ்மாயிலின் துண்டு

இன்று காலை மாநகராட்சி ஆள் ஒருவர் எங்கள் ராயபுரம் தெருச் சாக்கடை ஓரமாகப் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு, துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய இஸ்மாயில் ஞாபகம் வந்தது.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய வருஷம். விமானத்திலிருந்து விஷவாயுக் குண்டு போடுவார்கள் என்று பட்டணமெங்கும் பேச்சு. விழுந்தால் இடத்தையும் ஆட்களையும் கழுவிச் சுத்தம் செய்ய, துறைமுகக் கூலிகளில் இருபது பேரைப் பொறுக்கி ஒரு கொட்டகையில் பழக்கினார்கள். நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னைத் தலைவனாக்கினார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

ஒருநாள், பழக்க வந்த வெள்ளைக்காரத் துரை நிஜ விஷத்தையே கொண்டுவந்து தகரத்தின் மேல் எண்ணெய் போலச் சில சொட்டு விட்டார். பூண்டு வாசனை. பசி நேரம், எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்றால் நம்புவீர்களா? ரப்பர் கையுறையோடு இதே பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசிச் சுரண்டினோம். மண்வெட்டி வழுக்கவே, இஸ்மாயில் கழுத்தில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு எதையும் துண்டால் துடைத்துத்தான் பழக்கம்.

முடிந்ததும் உடுத்தியிருந்ததையெல்லாம் கழற்றிப் பீப்பாயில் போட வேண்டும்; விஷம் போக்கித் திருப்பித் தர நாளாகும். அதைப் பார்ப்பது என் பொறுப்பு. இஸ்மாயில் துண்டை மட்டும் தரவில்லை.

“நாளிக்கி சும்மாடு இல்லாம போனா மேஸ்திரி மூட்ட குடுப்பானா மாமு? இத்த வுட்ரு. வூட்ல கசக்கிக்கிறேன்.”

சுருட்டித் தலையில் வைத்து மூட்டை சுமக்க அந்தத் துண்டுதான். அது இல்லாதவனை மேஸ்திரி திருப்பி அனுப்புவான் என்பது எனக்கும் தெரியும். தோஸ்து முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். எல்லாம் போட்டாயிற்றா என்று துரை கேட்டபோது “யெஸ் சார்” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் எட்டு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் கழுத்தில் கொப்புளம். குழந்தைக்குக் கண்ணிரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

“கசக்காம வுட்டுட்டேன் மாமு. கொயந்த அது மேலயே தூங்கிகினு இருந்துச்சு. நீ பட்ச்சவனாச்சே, இன்னா பண்றதுன்னு சொல்லு.”

பட்ட உடனே கழுவ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ராத்திரி கழிந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். பார்வை திரும்பவில்லை.

தவறு என்னுடையது. இஸ்மாயில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதுதான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

சண்டை முடியும்வரை பட்டணத்தில் விஷவாயு விழவே இல்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். தலைச்சுமை போய் கிரேன் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என் முகம் தெரியாது. போனால் நான் யார் என்று நானேதான் சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் வந்து தண்டையார்பேட்டைக்குப் போனபோது, அவர்கள் குடியிருந்த சந்தே அங்கே இல்லை.