பட்டாணி முகாமுக்குப் போன வாரம்

மூன்று நாற்காலிகள் உள்ள அந்த பார்லரில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. பெண்களுக்கு முடி வெட்டுவதும் சாயம் பூசுவதும் வேலை. கை வேகம், வாய் அதைவிட வேகம். உட்கார்ந்தவர் எழுந்து போவதற்குள் அவர் வீட்டுக் கதை பாதியும் இவள் வீட்டுக் கதை முழுதும் வெளியே வந்துவிடும். அதனால் அந்தக் கோடையில், மகளை முகாமுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இவள் தவித்த தவிப்பு தெரு முழுக்கத் தெரிந்துபோனதில் ஆச்சரியமில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணி. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை, கூடவே ஒரு வால்வும் குறுகல். இரண்டு முறை நெஞ்சைத் திறந்து சரி செய்திருந்தார்கள். இப்போது ஓடலாம், ஆனால் பந்தயம் கூடாது. மாடி ஏறலாம், ஆனால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் மாத்திரை. எந்த வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டாள். தழும்பு தெரியுமாம்.

முகாமைப் பற்றிச் சொன்னவர் இருதய டாக்டர். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஏரிக்கரையில் நடத்துகிறார்கள். ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டும். நர்சுகள் இருப்பார்கள், ஒரு டாக்டரும் கூடவே இருப்பார்.

"அனுப்பலாமா டாக்டர்?"

"தாராளமா அனுப்பலாம்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்? வீட்ல வெச்சிருந்தாலும் அப்படிச் சொல்ல முடியாதே."

"அப்ப அனுப்ப வேண்டாங்கறீங்களா?"

"அனுப்புங்கன்னுதான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் கணவன் கேட்டான், டாக்டர் என்ன சொன்னார் என்று. "அனுப்பலாம்னாரு. அனுப்ப வேண்டாம்னும் சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றாள்.

கணவன் பெயிண்டர். கட்டி முடித்த வீடுகளின் உள்சுவருக்கு வண்ணம் பூசுகிறவன். எதற்கும் அவ்வளவாகக் குழம்பாத ஆள். "போகட்டும் விடு. நாலு பிள்ளைங்களோட இருந்துட்டு வரட்டும்" என்று காதில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டியபடி சொல்லிவிட்டான். இவர்கள் இருந்தது முதல் மாடி, அவனுடைய அக்கா அதற்கு மேல் மாடியில் இருந்தாள். அவள் படியிறங்கி வந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். "ரெண்டு தடவ அறுத்துப் போட்ட பிள்ளை. அத ஏரிக்கரையில கொண்டுபோய் விடுவாங்களா யாராவது? உங்க நெஞ்சு என்ன கல்லா?" என்றவள், மறுநாள் காலையில் ஒரு தடிமனான போர்வையோடு வந்து நின்றாள்.

"அப்ப அனுப்பச் சொல்றீங்களா அண்ணி?"

"நான் எங்க சொன்னேன்? அங்க குளிருமேன்னு குடுக்கறேன்."

பார்லரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பள்ளிக்கூட டீச்சர், பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்றார். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த வங்கிக்காரம்மா, தன் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் ஏதோ ஒரு முகாமுக்குப் போய்க் காலை உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னார். "அவனுக்கும் இருதயக் கோளாறா மேடம்?" என்று இவள் கேட்டாள். இல்லை, அவனுக்கு ஒரு கோளாறும் இல்லை என்றார் அவர். நல்ல பிள்ளைக்கே அப்படியென்றால் என்று பயப்படுவதா, இருதயத்துக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்று தேறுவதா? இவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பட்டாணியைக் கேட்டால் அதைவிட மோசம். ராத்திரி "போறேன்" என்பாள். காலையில் "போகல" என்பாள். சரியென்று விட்டுவிட்டால் சாயங்காலம், "நான்தான் போறேன்னு சொல்லிட்டேனே, இன்னும் ஏன் என் பைய எடுத்து வெக்கல?" என்று சண்டைக்கு வருவாள்.

கடைசியில் யார் முடிவெடுத்தார்கள் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பை நிறைந்துவிட்டது, போர்வையும் உள்ளே போய்விட்டது, ஒரு திங்கட்கிழமை காலை அவர்கள் பஸ்ஸருகில் நின்றார்கள். பட்டாணி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். ஓடி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கையைத் தூக்கினபடி தெருவில் நின்றவளைப் பார்த்து, எதிரே வந்த ஆட்டோ ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நின்றது.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். இரவில் எழுந்து போய், தூங்கும் மகளின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். பிறகு நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த வாரமும் எழுந்து போனாள். காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். இப்போது எதைத் தொட்டுப் பார்ப்பது என்று கை தேடியது.

முகாமில் பிள்ளைகளிடம் போன் கிடையாது. தினம் சாயங்காலம் ஒரு படம் அனுப்புவார்கள். முதல் படத்தில் பட்டாணி ஒரு மூலையில் நின்றாள், முகம் பாதிதான் தெரிந்தது.

"சிரிக்கறா பாரு" என்றான் கணவன்.

"கண்ணத் தொறந்து பாருடா, பிள்ளை அழுவுது" என்றாள் அவன் அக்கா.

இவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை மதியம் ஒருத்திக்குக் கழுத்தளவு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பட்டாணியோட அம்மாவா? முகாம்லேருந்து சிஸ்டர் பேசறேன்."

கத்தரி கையிலிருந்து விழுந்தது. "என் பிள்ளைக்கு என்னாச்சு?"

"அய்யோ, ஒண்ணும் ஆகலம்மா. இருதயமெல்லாம் நல்லா இருக்கு. பிரச்சினை முடிதான்."

"முடியா? எந்த முடி?"

"நாலு பொண்ணுங்களோட முடிய உங்க பொண்ணு வெட்டிட்டா. கேட்டா, எங்கம்மாவக் கூப்பிடுங்க, அவங்க வந்து சரி பண்ணிடுவாங்கன்னு சொல்றா. சனிக்கிழமை எல்லாரோட அப்பா அம்மாவும் வருவாங்க. அதுக்குள்ள நீங்க ஒருநாள் வந்துட்டுப் போக முடியுமா?"

சிரிப்பதா, அழுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல், "வரேன்ங்க, வரேன்ங்க" என்று மட்டும் சொன்னாள். நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு ஒரு பக்கம் தோள் வரைக்கும் மறுபக்கம் கழுத்து வரைக்கும் முடி நின்றது. மீதியைப் பக்கத்து நாற்காலிக்காரி வெட்டி முடித்தாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்தாள். பையில் கத்தரி, சீப்பு, கிளிப்புகள், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கழுத்தில் கட்டும் துணி. வழியெல்லாம் மகளைத் திட்டுவதற்கு வாக்கியங்கள் சேர்த்துக்கொண்டே போனாள். பாதி வழியில், தன்னைப் பார்த்ததும் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்வாளே, அப்போது எப்படித் திட்டுவது என்று யோசனை வந்தது.

பட்டாணி ஓடி வரவில்லை. கைவேலை அறையின் வாசலில் நின்றுகொண்டு, "நீ ஏன் இன்னிக்கே வந்த?" என்றாள். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது.

"நீதானடி கூப்பிடச் சொன்ன?"

"நாளைக்கு வருவேன்னு நெனச்சேன். இன்னிக்கு நாங்க படகுல போறோம்."

திட்டுவதற்குச் சேர்த்து வைத்த வாக்கியங்களை விட்டுவிட்டுப் பையிலிருந்து கத்தரியையும் சீப்பையும் எடுத்தாள்.

மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார்கள். நான்கு பெண்களும் வரிசையாக வந்தார்கள். பட்டாணி வெட்டியது காகிதம் வெட்டும் மொட்டைக் கத்தரியால். எலி கடித்த மாதிரி இருந்தது ஒவ்வொரு தலையும். என்ன நடந்தது என்று கேட்டால் பதில் ஒன்றாக இல்லை. ஒருத்தியின் முடியில் பசை கொட்டிவிட்டது என்றும், அதை வெட்டிய பிறகு ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது என்றும், சமமாக்கப் போய்ப் போய்க் காது வரை வந்துவிட்டது என்றும் முதல் இரண்டு பேர் சொன்னார்கள். பசையெல்லாம் கொட்டவே இல்லை, அவளுக்கு ஆசையாக இருந்தது, வெட்டிக்கொண்டாள் என்றாள் மூன்றாமவள். அப்படியானால் மற்றவர்கள் ஏன் வெட்டிக்கொண்டீர்கள்? ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் ஒருத்திக்கு உதடு லேசாக நீலம் பாய்ந்தது. இவள் பதறிப்போய் கத்தரியை நிறுத்தினாள். "எனக்கு எப்பவும் இப்படித்தான் ஆன்ட்டி, நீங்க வெட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

கடைசியாக உட்கார்ந்தவள் கொஞ்சம் பெரியவள். துணியைக் கட்டும்போது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. "பேஸ்மேக்கர். பட்டாணி இதத் தொட்டுத் தொட்டுப் பாத்தா" என்றாள் பெருமையாக. பிறகு, "ஆன்ட்டி, நீங்க ராத்திரில தூங்கவே மாட்டீங்களாமே?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா?"

"பட்டாணிதான். நீங்க வந்து மூக்குல விரல் வெப்பீங்களாம். அவ முழிச்சுக்கிட்டுதான் இருப்பாளாம். ஆனா தூங்கற மாதிரி நடிப்பாளாம். நல்லா இழுத்து இழுத்து மூச்சு விட்டாத்தான் நீங்க போய்ப் படுப்பீங்களாம்."

சீப்பு நின்றுவிட்டது. ஏரிப் பக்கமிருந்து பட்டாணியின் குரல் கேட்டது. யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்ததுகூட அதுக்குத்தானாம். ஒரு வாரமாச்சும் அம்மா தூங்கட்டும்னு சொன்னா."

"அப்படியா சொன்னா?"

"ஆமா. படகுக்காக வந்தேன்னும் சொன்னா."

ஒன்பது வருஷமாக அவள் காவல் காத்தது பிள்ளையின் தூக்கத்தை என்று நினைத்திருந்தாள். இப்போது யார் யாருக்குக் காவல் இருந்தார்கள் என்று தெரியவில்லை. கண் கலங்கியதில் எதிரே இருந்த முடி மங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு பின்கழுத்தை மட்டும் இரண்டு முறை சரி பார்த்தாள்.

கிளம்பும்போது, "என்கூட வந்துடறியா?" என்று பட்டாணியிடம் கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தாள், வாய் கேட்டுவிட்டது. பட்டாணி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆனால் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். கேட்டருகில் அம்மாவின் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். பிள்ளைக்குத் தான் வேண்டும் என்றும் பட்டது, வேண்டாம் என்றும் பட்டது.

சனிக்கிழமை கணவன் போய் அழைத்து வந்தான். பட்டாணி கறுத்திருந்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. மேல்மாடி அக்கா போர்வையை எடுத்துப் பார்த்துவிட்டு, "மடிப்பே கலையல. இத யாருக்குக் குடுத்தேன் நான்?" என்று புலம்பினாள்.

அன்று அம்மா ஒரு முடிவு செய்தாள். இனி இரவில் எழுந்து போவதில்லை. பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும். தான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாலும் சரி, கால் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே பட்டாணி கேட்டாள். "நீ ஏன் இப்பல்லாம் என்னை வந்து பாக்கறதே இல்ல?"

"நீ தூங்கற மாதிரி நடிக்கறதா கேள்விப்பட்டேன். அதான்."

"ஆமா, நடிச்சேன். அதுக்காக வராம இருப்பியா?"

"அப்ப வரணுமா, வேண்டாமா? ஒழுங்காச் சொல்லு."

பட்டாணி இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டாள். "சில நாள் வா."

"எந்த நாள்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியும் இறங்கிப் போனாள்.

உள்ளே பெயின்ட் கறை படிந்த சட்டையைத் தேடிக்கொண்டிருந்த கணவனிடம் அவள் போய் நின்றாள். "சில நாள் வரணுமாம்."

"அப்ப சில நாள் போ" என்றான் அவன், அதில் குழம்ப என்ன இருக்கிறது என்பது போல.

அவளும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறாள். சில நாள் போகிறாள், சில நாள் போவதில்லை. போன நாள் சரியா, போகாத நாள் சரியா என்று ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.