முத்துச்செல்வியின் செஸ் என்ஜின்

முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் டெஸ்டிங் லைனில் ஆறு வருடமாக நிற்கிறாள், இன்னமும் காண்ட்ராக்ட்தான். வல்லம் வடகாலில், எட்டுப் பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து மூன்று வருடமாக ஒரு செஸ் என்ஜின் எழுதினாள். தானே யோசித்துக் காய் நகர்த்தும் புரோகிராம் அது. இணையத்தில் என்ஜின்களுக்கென்றே நடக்கும் போட்டியில் அது இடம் பிடித்தால், அதைக் காட்டி ஒரு சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விடலாம் என்று நம்பினாள்.

ஆனால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. குற்றம் லேப்டாப்பின் மேல்தான் என்று முடிவு கட்டினாள். பழைய பிராசசர், இரண்டே கோர், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கணக்குதான் போடும். நொடிக்கு ஆறு லட்சம் ஆட்ட நிலைகளைத்தான் அலசும். வேலையை ஒரே சமயத்தில் ஓடும் நான்கு த்ரெட்டாகப் பிரித்துப் பார்த்தாள். வேகம் கூடவில்லை, சூடுதான் ஏறியது.

கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஜெபர்சன் வீட்டில் பதினாறு கோர் கம்ப்யூட்டர் இருந்தது. அவர் மனைவி ஜெர்சி கல்யாண வீடியோ எடிட் செய்ய வாங்கியது. "சண்டே சர்ச் முடிஞ்சதும் வாம்மா, ஓட்டிப் பார்த்துடலாம்" என்றார்.

போனாள். ஒற்றை த்ரெட்டிலேயே வேகம் பதினான்கு லட்சம். பதினாறையும் திறந்துவிட்டாள். இரண்டு கோடியை நெருங்கும் என்று நினைத்தது முப்பது லட்சத்தில் நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது, பதினாறு பேர வுட்டா ரெண்டு பேர் வேலதான் நடக்குது?"

"பார்த்த நிலையெல்லாம் மெமரில ஒரே டேபிள்லதான் எழுதி வைக்குண்ணே. ஒண்ணு எழுதும்போது மத்தது காத்துக் கெடக்கு. நாந்தான் அப்படிப் பூட்டு போட்டிருக்கேன்."

அந்தப் பூட்டில்லாமல் எழுதக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் ஆனது. மறுபடி போனபோது ஒரு கோடியே எண்பது லட்சம். ஜெர்சி கைதட்டினாள். வழக்கமாகத் தன்னைத் தோற்கடிக்கும் என்ஜினோடு நூறு விரைவு ஆட்டங்களை ஓடவிட்டாள் முத்துச்செல்வி. எதிராளிக்கு ஒரே கோர்தான் கொடுத்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. எண்பத்தேழு தோல்வி. முன்பு லேப்டாப்பில் ஓட்டிய நூறில் தொண்ணூற்றொன்று.

கடைசி ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாகப் பார்த்தாள். என்ஜின் வெகுதூரம் யோசித்திருந்தது. யோசித்து, தன் ராஜாவைத் தானே வெட்டவெளியில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தது.

"தூரமெல்லாம் நல்லாத்தான் பாக்குண்ணே. எது நல்ல எடம்னுதான் தெரியல. அதச் சொல்லிக் குடுத்தது நாந்தானே."

"விடும்மா, இன்னும் பெரிய ப்ராசசர்..."

"வேண்டாம்ணே."

ஜெர்சி கொண்டு வந்து வைத்த டீயைக் குடிக்காமலே கிளம்பினாள்.

இரண்டு வாரம் கழித்து ஜெபர்சன் போன் செய்தார். இந்த ஞாயிறு வருகிறாயா என்று கேட்டார்.

"ஷிஃப்ட் மாத்திட்டாங்கண்ணே" என்றாள் முத்துச்செல்வி. ஷிஃப்ட் மாறவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.