வெப்பமானி வைத்திருந்தவர்

போர்க்காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் என் பக்கத்து அறையில் வவுனியாவிலிருந்து வந்த விவசாய அதிகாரி ஒருவர் தங்கியிருந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். எங்கே போனாலும் மத்தியானத்தில் யன்னலில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்.

சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் அதைப் பறித்து, எதற்கு என்று சிங்களத்தில் அதட்டினார். அதிகாரிக்குச் சிங்களம் தெரியாது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

"காட்டை வெட்டி வயலாக்கினாப்பிறகு எங்கட பக்கம் வெக்கை கூடிட்டுது. அதைத்தான் பாக்கிறன் எண்டு சொல்லுங்கோ, தம்பி."

பொலிஸ்காரரின் குரல் தணிந்தது. அநுராதபுரத்தில் தன் அப்பாவும் வெயிலில் வயலில் நிற்க முடியாமல் தவிப்பதாகச் சொன்னார். அதையும் நான் தமிழில் சொன்னேன். ஆனாலும் சந்தேகத்தின் பேரில் அதிகாரியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஏறும்போது அவர் என்னைப் பார்த்தார். "வயலைச் சுத்தி மரம் வைக்கச் சொல்லுங்கோ, அந்த அப்பாவை."

அந்த நேரத்தில் அவருக்கு அதைச் சொல்ல எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.