அத்தை கொண்டுபோன கனி

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்கென்று ஓடு வேய்ந்த சின்ன வேதக்கோயில் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம்; எனக்கு ஏழு வயது. அறுப்புப் பண்டிகையன்று எல்லோரும் முதல் விளைச்சலைக் கொண்டுவருவார்கள். கம்புக் கதிர், நிலக்கடலை, பூசணி, கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்தின் முன் குவியும். அதற்கும் முன்னால், அந்த வருஷம் பிள்ளை பெற்றவர்கள் குழந்தையோடு வரிசையில் போய் ஆசீர்வாதம் வாங்குவார்கள்.

அப்பாவின் தங்கையை எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் பிள்ளையில்லை. மாமியாரின் பேச்சு பொறுக்காமல் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. குழம்பில் உப்புக் குறைந்தாலும் சண்டைதான். ஆனால் அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தபோது எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் என்னை மடியில் போட்டுக்கொண்டு கஞ்சி புகட்டியவள் அத்தைதான்.

பண்டிகையில், கோயிலை நடத்திவந்த உபதேசியார் கர்ப்பத்தின் கனியைப் பற்றி உருகிப் பேசினார். வேதத்தில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்றவளையும், கோயிலில் அழுது மகனை வாங்கியவளையும் சொன்னார். பேசி முடித்ததும் அத்தை எழுந்து நின்றாள். பெண்கள் கோயிலில் வாய் திறக்காத காலம் அது.

“அவுங்களுக்கெல்லாம் கடைசீல கெடச்சுருச்சுங்க. கெடைக்காதவுங்க யாருமே வேதத்துல இல்லீங்களா?”

உபதேசியார் புத்தகத்தை மூடினார், திறந்தார். “கனின்னா வயித்துப் புள்ள மட்டும் இல்லம்மா. அன்பு, பொறுமை, தயவு, அதெல்லாமும் கனிதான்னு வேதம் சொல்லுது” என்றார் மெல்ல.

“அப்படீங்களா” என்றாள் அத்தை. அடுத்த கணம் குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றாள். என் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. என் தோழிகள் சிரித்தார்கள். “எறக்கி உடு அத்தே” என்று உதைத்தேன். அவள் விடவில்லை.

“அது உன்ற அண்ணன் புள்ளயல்லோ?” என்று ஒரு கிழவி உரக்கக் கேட்டாள்.

முன்னால் தம்பியோடு நின்ற அம்மா திரும்பினாள். அத்தையைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அவ புள்ளதானுங்க” என்றாள் அம்மா.

உபதேசியார் தம்பியின் தலையிலும் பிறகு என் தலையிலும் கைவைத்தார். அத்தையின் உடம்பு நடுங்கியது. கனம் தாங்காமல் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, அம்மா கோயிலிலேயே பொய் சொல்லிவிட்டாள் என்று புகார் செய்தேன். அவர் சோளக்காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்கு ஆண்டவர் என்ன தண்டனை தருவாரோ என்ற பயத்தில் வெகுநாள் அவளுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.