வரைபடத்தில் இல்லாத ரோடு

பெரியப்பாவின் இலங்கை வரைபடம் இப்போது மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள என் வீட்டு அலமாரிக்கு மேல் சுருட்டிக் கிடக்கிறது. மாட்டி வைக்க மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குச் சமமாகத் தொங்கிய படம் அது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த பெரியப்பாவுக்கு அவருடைய அப்பா விட்டுப்போனது. பெரியப்பா பிறந்தது சிரம்பானில். இலங்கையை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் பூர்வீக ஊரைக் கேட்பார். படத்தில் அந்த ஊரைக் கண்டுபிடித்த பிறகுதான் கோப்பி வரும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய ஒரே மகளான அக்காவைப் பெண் கேட்டுக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையும் அக்காவும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். இருவருக்கும் விருப்பம் என்பது பெரியப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சாதகமும் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். கண் மங்கிய பெரியப்பா படத்தில் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பதினைந்து வயது, பூகோளத்தில் வகுப்பிலேயே முதல், அந்தத் திமிர் வேறு. விரலை வைத்துக் காட்டினேன். காட்டியதோடு விட்டேனா? "இது தீவு பெரியப்பா. சுத்தி வர தண்ணி. நம்ம யாழ்ப்பாணம்தான் தீபகற்பம், ஒரு பக்கம் நிலம் இருக்கு" என்று பாடமும் ஒப்பித்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காரர்கள் தீவுக்காரர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பார்கள் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

"தீவார் எல்லோ. எங்களுக்குச் சரிவராது" என்றார் பெரியப்பா.

"இப்ப கடலுக்குக் குறுக்கால ரோட்டுப் போட்டாச்சு ஐயா, பஸ் ஓடுது" என்றார் கிள்ளான்காரர். குரல் கெஞ்சியது.

"ரோட்டுப் போட்டா தீவு இல்லையெண்டு ஆயிடுமோ?"

கோப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்ற அக்கா அப்படியே திரும்பி உள்ளே போனாள். மாப்பிள்ளை மாற்றல் வாங்கிக்கொண்டு போய், வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அக்கா அதன் பிறகு யாருக்கும் சம்மதிக்கவில்லை. பெரியப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பத்து வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் அள்ளியவள் அவள்தான். "ஏன் காட்டினாய்?" என்று என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள்.

பெரியப்பா போய்ச் சில வருடங்களில், தொண்ணூறுகளில், அக்காவும் போனாள். காய்ச்சலோடு தனியாகக் கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தது மூன்றாம் நாள்.

வீட்டைக் காலி செய்யும்போதுதான் அந்தப் படத்தை மறுபடி கிட்டத்தில் பார்த்தேன். அதுவரை கூடத்தில் அந்தச் சுவருக்கு முதுகு காட்டியே உட்கார்ந்து பழகியிருந்தேன். நான் விரல் வைத்த தீவிலிருந்து யாழ்ப்பாணக் கரை வரை பென்சிலால் ஒரு கோடு. ஒரு தடவை போட்டதல்ல. அக்கா எத்தனை வருடம் போட்டாளோ, கோடு போன வழியெல்லாம் காகிதம் தேய்ந்து, பின்னால் ஒட்டிய துணி தெரிந்தது. அதனால்தான் சுருட்டியே வைத்திருக்கிறேன்.