உடாலா மரத்துக்குக் கீழ ஒரு பிள்ளை

எனக்குப் பிள்ளையில்லை. இதை முதலே எழுதிப்போடுறன், பிறகு ஆரும் இரக்கப்பட்டுக் கேக்கத் தேவையில்லை. எழுத்து எனக்குத் தட்டித் தடவித்தான் வரும். படம் அப்பிடியில்லை. படம் கீறுறதெண்டால் ஸ்காபரோவில எங்கட பில்டிங்கில என்னை வெல்ல ஆளில்லை.

அதாலதான் எதிர் வீட்டு நைஜீரியாக்காரி என்னட்டை வந்தா. அங்க இக்போ எண்ட இனத்து ஆக்கள். என்ர வயசுதான். கீழ்த்தளத்தில பிள்ளையள் வாசிக்கிற அறைக்குத் தன்ர ஊர்க் கதையொண்டைப் புத்தகமாச் செய்ய ஆசைப்பட்டா.

"சிஸ்டர், நான் சொல்லுறன், நீர் கீறும்," எண்டா. அவவின்ர இங்கிலிஸ் நல்லம். என்ரது அரைகுறை. மிச்சத்தைக் கையும் முகமும் பேசும்.

கதை இதுதான். தாயில்லாத ஒரு பிள்ளை. தகப்பன்ர ரெண்டாம் தாரம் சந்தையில உடாலாப் பழம் வாங்கித் தன்ர பிள்ளையளுக்கு மட்டும் குடுக்கிறா. அவையள் துப்பின கொட்டையொண்டை இவள் பொறுக்கி நட்டு, வளர் வளர் எண்டு பாடுறாள். மரம் வளந்து பழுக்குது.

நான் பிள்ளையின்ர கையில கொக்கத்தடியைக் குடுத்து, கிளையில பழத்தை இழுத்து ஆயிற மாதிரிக் கீறினன். அவ தலையில கை வைச்சா.

"ஐயோ, ஆயக் கூடாது! உடாலா தானா விழவேணும். விழுந்ததைத்தான் பொறுக்கலாம்."

"விழாட்டி?"

"இருக்க வேண்டியதுதான்."

"எவ்வளவு நேரம்?"

"உமக்கென்ன, பஸ்சோ பிடிக்கோணும்?"

தடியை அழிச்சுப்போட்டுப் பிள்ளையை மரத்துக்குக் கீழ இருத்தினன். அது பிள்ளையளின்ர மரமாம். ஆரின்ர பிள்ளையெண்டு பாக்காமல் எல்லாம் வந்து இருக்குமாம். பிள்ளை வேணுமெண்டு கேக்கிற பொம்பிளையளும் வருவினமாம். நான் பேப்பரை விட்டுத் தலை நிமித்தேல்லை. கலியாணம் முடிச்ச புதுசில நான் ஏறி இறங்காத கோயிலில்லை. இங்க வந்தும் டொக்டர்மாரிட்டை அலைஞ்சன். ஒரு மரத்தடியில போய்ச் சும்மா இருந்து பாக்கலாமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

முகம் கீறி முடியத் திருப்பிக் காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தா.

"இது எங்கட பிள்ளையின்ர முகமில்லையே. ஆரைப் பாத்துக் கீறினீர்?"

"ஒருத்தரையும் பாக்கேல்லை," எண்டன். பொய்யில்லை. அந்த முகத்தை நான் கண்ணால காணேல்லை. ஆனா வருசக்கணக்கா எனக்குத் தெரியும். செத்துப்போன என்ர மனிசன்ர நெத்தி, என்ர நாடி.

அவ கண்ணாடியைக் கழட்டினா. "முகம் இருக்கட்டும். தலையை மட்டும் எங்கட மாதிரிக் கட்டும்," எண்டு சொல்லித் தந்தா. தலைமயிரைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு, ஒவ்வொரு பிடியையும் அடியிலயிருந்து நுனி வரைக்கும் கறுப்பு நூலால சுத்துறது. சுத்தினால் குச்சி மாதிரி நிமிர்ந்து நிக்கும். தாய்மார் பிள்ளையை முழங்காலுக்கு நடுவில இருத்தி வைச்சுத்தான் சுத்துவினமாம்.

பென்சிலைக் கூராக்கிக்கொண்டு முதல் பிடியை எடுத்தன். ஒரு சுத்து. பிறகு இன்னொரு சுத்து.

"நாளைக்குப் புத்தகம் குடுக்கவேணும், கெதியாக் கீறும்," எண்டா.

"இழுத்துச் சுத்தினாப் பிள்ளைக்கு நோகுமெல்லே," எண்டு சொல்லிப்போட்டு, நான் ஆறுதலாத்தான் சுத்தினன்.