கண்டாக்கையா வயிற்றில் ஓர் அம்மிக்கொத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாறைக்கு இரண்டு வழி. முதுகுப்பக்கம் ஒற்றையடிப் பாதை. ஆடு, மாடு, புத்தியுள்ளவர்கள் எல்லோரும் அதில் போவார்கள். முகப்பக்கம் செங்குத்து. அதில் ஏறுவது நானும் மச்சானும் மட்டும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம், லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் கீழே நின்று பார்க்க, நாங்கள் இருவரும் முகப்பக்கமாக ஏறி உச்சியில் விளக்கு வைப்போம். பத்தொன்பது வயதில் தொடங்கிய கூத்து. இப்போது எனக்கு ஐம்பத்தாறு.

பாறையின் நடுவில் ஒரு தொப்பை துருத்திக்கொண்டிருக்கும். முன்பு மலையில் எங்களை வேலை வாங்கிய கண்டாக்கையாவின் வயிற்றைப் போலவே இருப்பதால் அதற்குக் கண்டாக்கையா வயிறு என்றே பெயர் வைத்தோம். இடது கையை வெடிப்பில் செருகி, வலது காலை வெறும் பாறையில் அழுத்தி, உடம்பை ஒரே வீச்சில் தூக்க வேண்டும். மச்சான் முதலில் ஏறி, மேலிருந்து என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். தொப்பை மறைப்பதால் என் கால் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

ஐம்பதைத் தாண்டியதும் உடம்பு கட்சி மாறத் தொடங்கியது. காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. கொழுந்து நிறை போதாத நாளில் அரைப் பேர் போடுவார்கள், பாதி நாள் வேலை செய்த மாதிரி. என் முழங்கால் எனக்குத் தினமும் அரைப் பேர் போட்டது. ஒரு கார்த்திகையில் மூன்று தடவை சறுக்கி, கடைசியில் மச்சான் இழுத்த இழுப்பில்தான் வயிற்றைத் தாண்டினேன். கீழே நின்றவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வருடம் முழுக்கப் பாறை இருக்கும் திசைக்கே நான் திரும்பவில்லை. மஸ்கெலியா ஸ்டாண்டில், இப்போது நான் ஓட்டும் ஆட்டோவைப் போட்டுவிட்டு, இடுப்பு வலி என்று எப்படி நம்பும்படி சொல்வது என ஒத்திகை பார்த்தேன்.

ஒத்திகை சரியாக வராததால் அடுத்த வருடமும் ஏற வேண்டியதாயிற்று. அப்போதுதான் அதிசயம். வயிற்றில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரே வீச்சு, மேலே நின்றேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. விட்டுப்போன ஆசை வட்டியோடு திரும்பி வந்தது. விடியற்காலையில் வாசலில் தேகப்பயிற்சி ஆரம்பித்தேன். மனைவி, “காம்பராவுக்குள்ள வந்து ஆடுங்க, சனம் சிரிக்குது” என்றாள். ஸ்டாண்டில் விரிவுரையே நடத்தினேன்: “வயசு போனா பெலம் போகும், அனுபவம் வரும். இப்ப என் காலுக்குக் கண்ணு இருக்கு!” அப்படிச் சொல்லும்போதெல்லாம் மச்சான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொள்வான். பொறாமை என்று நினைத்தேன்.

போன கார்த்திகையில் விடாத மழை, தீபத்தன்றுதான் வானம் வெளித்தது. வயிற்றில் காலை வைத்தேன். பாசி தோலாக உரிந்து வந்தது. பெருவிரலில் சொரசொரவென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். கால் அகலத்துக்கு ஒரு படி. புள்ளி புள்ளியாக, வரிசையாக, ஓரத்தில் மட்டும் சாய்வாகக் கொத்தியிருந்தது. வீட்டில் தேங்காய்ச் சம்பல் அரைக்கிறவன் நான்தான். எங்கள் அம்மியில் இருப்பதும் இதே கொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் உளியோடு போய் லயத்து அம்மிகளை எல்லாம் கொத்திக் கொடுப்பவன் மச்சான்.

“மச்சான்! இங்க வந்து அம்மி கொத்துனியாடா?”

கயிறு ஒரு நொடி தளர்ந்தது. “மொதல்ல ஏறி வா. வெளக்க வச்சுட்டு அடி.”

விளக்கை ஏற்றினோம். கீழிருந்து அரோகரா கேட்டது. எனக்கு அது கேலியாகவே கேட்டது.

“என்னையக் கெழவன்னு பாவம் பாத்தியா?”

“ஒனக்காக யாருடா கொத்துனா? எனக்கு! ஒன்னைய இழுத்த அன்னைக்கே என் தோளு போச்சு. நீ வழுக்குனா நான் இழுப்பேன். மொத ஆளா ஏறுற என்னைய யாரு இழுப்பா?”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் காலுக்குக் கண்ணு வந்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே. எப்பிடிடா சொல்ல?”

“ஒந்தங்கச்சிக்குத் தெரியுமா?”

“பாசி ஒட்டிப் படிய மறைக்கிறதுக்குச் சாணி கரைச்சுக் குடுத்ததே அவதான்.”

எனக்குப் பரிதாபப்பட்டுக் கொத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இந்தத் துரோகத்தில் எனக்கு ஓர் இடம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்தவே இல்லை.

“சொல்லியிருந்தா ஏறுவீங்களா? அண்ணன் இழுத்து ஏத்துன வருசம் பூரா வீட்டுல மொகத்தத் தூக்கி வச்சிருந்தீங்களே, அது போதாதா எனக்கு?”

அதற்குப் பிறகு ஒரே கேள்விதான். அந்தப் படி இல்லாமல் என்னால் ஏற முடியுமா? முடியாமல் போனது எந்த வருடம்? அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையையே உளி வைத்துக் கொத்திவிட்டார்களே!

அடுத்த ஞாயிறு மச்சானை இழுத்துக்கொண்டு போனேன். “நீ பின்பக்கமாப் போயி கயித்தப் புடி. இழுத்த, கொன்னுருவேன்.”

படிக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் பாறையில் காலை அழுத்தினேன். சறுக்கியது. இரண்டாம் தடவை உடம்பு பாதி உயரம் எழுந்தது. கயிறு தளர்வாகவே கிடந்தது. நான் சொன்னதை மச்சான் மீறவில்லை. அதற்கு மேல் உடம்பு எழவில்லை. அப்போது என் வலது கால், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நகர்ந்து போய் அந்தப் படியில் உட்கார்ந்தது. காலுக்குக் கண் இருப்பது உண்மைதான்.

மேலே போய்க் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கினேன்.

“படியில்லாமயா வந்த?” மச்சான் கேட்டான்.

“படியில்லாமத்தான்.”

அவன் நம்பிவிட்டான். “அப்ப எனக்கு மட்டுந்தான் வயசு போயிருக்கு” என்று சொல்லித் தோளைத் தடவிக்கொண்டான். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பின்பக்க ஆட்டுப் பாதையில் இறங்கி வரும்போது, முன்னால் போன அவன் ஒவ்வொரு கல்லிலும் கிழவனைப் போலக் காலை நிதானமாக ஊன்றி வைப்பதைப் பார்க்கும் வரைக்கும்.